மலை இல்லாத மலை ஊர்: விருத்தாசலத்துல ரெண்டு நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். "ம்ம்", "அதாவது பாத்தீங்கன்னா" எல்லாத்தையும் வெட்டியாச்சு. ரெண்டு இடத்துல வரிசையை மாத்தியிருக்கேன். மத்தபடி பேசினது பேசினபடிதான்.)

ட்ரெக்கிங் எபிசோடு போட்டதுல இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, ஏற்காடு முடிச்சாச்சு, கொல்லிமலை முடிச்சாச்சு, வால்பாறையில நிக்க இடமில்ல. கூட்டமே இல்லாத மலை ஊர் ஒண்ணு சொல்லுங்க, கொஞ்சம் பழைய தொழிற்சாலை, வரலாறுன்னு இருந்தா நல்லா இருக்கும்."

சரி, சொல்றேன். விருத்தாசலம்.

சிரிக்காதீங்க. 'விருத்த'ன்னா முதிய, 'அசலம்'னா அசையாதது, அதாவது மலை. தேவாரத்துல இந்த ஊர் பேரு திருமுதுகுன்றம். கோயில்ல இருக்கிற சாமி பேரு பழமலைநாதர். மூணு பேர்லயும் மலை இருக்கு. ஆனா ஜங்ஷன்ல இறங்கி நாலு பக்கமும் பார்த்தீங்கன்னா ஒரு மேடு கூடக் கண்ணுல படாது. கடலூர் மாவட்டத்து சமவெளி, கரும்பு, நெல்லு, முந்திரி, நடுவுல பெரும்பாலும் மணலா மட்டும் இருக்கிற மணிமுத்தாறு.

என் சித்தப்பா வீடு அங்கதான். சின்ன வயசுல லீவுக்குப் போறப்ப எல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி, "மலை எங்க சித்தப்பா?" அவர் கோயில் கோபுரத்தைக் காட்டி, "அதுக்கு அடியில இருக்குடா, வயசாயிடுச்சுல்ல, உக்காந்துடுச்சு"ன்னுவார். தலபுராணமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது. மத்த எல்லா மலைக்கும் முன்னாடி தோன்றின மலை இது, சிவனே மலையா நின்னார், அதனால பழமலை. கோயிலுக்குள்ள ஆழத்துப் பிள்ளையார்னு ஒரு சந்நிதி இருக்கு, தரைமட்டத்துக்குக் கீழ படியிறங்கிப் போய்த்தான் பார்க்கணும். மலை தேடி வந்தவனைக் கீழ இறக்கி விடுற ஊர்.

போன ஜனவரியில மூணு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போனேன். மூணு பேரும் என்னை மாதிரி ஐ.டி. பசங்க. ஒருத்தன் ட்ரெக்கிங் ஷூ, குச்சி எல்லாம் எடுத்துட்டு வந்துட்டான், மலை ஊருன்னு நான் சொன்னதை நம்பி. அந்தக் குச்சி கடைசியில உபயோகப்பட்டுச்சு, அதைப் பின்னாடி சொல்றேன்.

இந்த ஊரைப் பத்தி வெளியூர்ல தெரிஞ்ச விஷயம் ரெண்டு. ஒண்ணு ரயில் ஜங்ஷன். விழுப்புரம்-திருச்சி கார்டு லைனும் கடலூர்-சேலம் லைனும் இங்கதான் சந்திக்குது. இன்னொண்ணு செராமிக். பீங்கான்னு புத்தகத்துல எழுதுவாங்க, ஊர்க்காரங்க "செராமிக்"னுதான் சொல்வாங்க. "அவர் செராமிக்ல வேலை பாத்தார்" அப்படின்னா அங்க எல்லாருக்கும் புரியும். செராமிக்குக்குன்னே தொழிற்பேட்டை இருக்கு, அந்தப் படிப்பை டிப்ளமோவா சொல்லித் தர்ற அரசுக் கல்லூரியும் இருக்கு.

ஏன் இந்த ஊர்ல? பதில் மண்ணுல இருக்கு. அந்த மண்ணு ஒரு காலத்துல மலையா இருந்துச்சுங்கிறதுதான் எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி, ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க. கிரானைட் மாதிரிப் பாறையில ஃபெல்ட்ஸ்பார்னு ஒரு கனிமம் நிறைய இருக்கும். பாறையில வெளுப்பா, இளஞ்சிவப்பா தெரியுமே, பெரும்பாலும் அதுதான். மழைத்தண்ணி காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சு எடுத்துட்டு வரும், அதனால லேசா அமிலத்தன்மை இருக்கும். அந்தத் தண்ணி லட்சக்கணக்கான வருஷம் ஃபெல்ட்ஸ்பார்மேல விழுந்துட்டே இருந்தா, அதுல இருக்கிற பொட்டாசியம், சோடியம் எல்லாம் கரைஞ்சு போயிடும். மிச்சம் நிக்கிறது அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் தண்ணியும் சேர்ந்த மெல்லிய தகடு தகடான ஒரு பொருள். அதான் கயோலின், வெள்ளைக் களிமண். கரையாத குவார்ட்ஸ் மணலாப் போகும். ஆறு ரெண்டையும் அள்ளிட்டு வந்து, கனமான மணலை முதல்ல இறக்கிடும். லேசான களிமண்ணைத் தண்ணி தேங்கி நிக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய்ப் படிய வைக்கும்.

மணிமுத்தாறு எங்க பிறக்குதுன்னு பாருங்க. மேற்கே கல்வராயன் மலை. அந்த மலைப் பாறை சார்னோக்கைட். சென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்ல, பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதே வகைதான். பேர் வந்த கதை தனிக் கூத்து. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்குங்கிற கம்பெனி அதிகாரியோட கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்துத்தான் ஹாலந்துன்னு ஒரு புவியியல் அறிஞர் இந்தப் பேரை வச்சார். நம்ம ஊர்க் கல்லுக்குக் கல்லறையில தூங்குறவர் பேரு. சரி, அதை விடுங்க.

அந்த மாதிரி மலை தேஞ்சு தேஞ்சு, சமவெளியில மணலும் களிமண்ணுமா வந்து உக்காருது. ரொம்ப வயசான மலை எப்படி இருக்கும்னு கேட்டா, களிமண்ணா இருக்கும். ஊருக்குப் பேர் வச்சவங்க இதை நினைச்சு வச்சிருக்க வாய்ப்பில்ல. ஆனா சித்தப்பா சொன்ன "வயசாயிடுச்சுல்ல, உக்காந்துடுச்சு" பாடப்புத்தகத்துல போடலாம் போல இருக்கு.

கயோலின்ங்கிற வார்த்தையே மலைப் பேருதான், தெரியுமா? சீனாவுல ஜிங்டேஜென்னு ஒரு ஊர், பல நூற்றாண்டா அரச குடும்பத்துக்குப் பீங்கான் செஞ்ச ஊர். அதுக்குப் பக்கத்துல காவ்லிங்னு ஒரு குன்று, 'உயர்ந்த மேடு'ன்னு அர்த்தம். அங்க வெட்டின வெள்ளை மண்ணுக்கு அந்தப் பேர். 1712ல தாந்த்ரகோல்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அங்க இருந்து பீங்கான் செய்முறையை விவரமா எழுதி ஊருக்கு லெட்டர் போட்டார். இன்னிக்கு அதைத் தொழில்நுட்ப உளவுன்னு சொல்வோம். அந்த லெட்டர் வழியாத்தான் அந்தக் குன்றோட பேர் ஐரோப்பாவுக்குப் போய், அப்புறம் நம்ம பாடப்புத்தகத்துக்கு வந்துச்சு.

ஜிங்டேஜென்ல இப்ப என்ன நடக்குதுன்னா, மூடிப்போன அரசுப் பீங்கான் ஆலை ஒண்ணைப் புதுப்பிச்சு, பழைய சூளையை அப்படியே வச்சுக்கிட்டு, சுத்தி ஸ்டூடியோ, சந்தை, மியூசியம்னு ஆக்கிட்டாங்க. பெய்ஜிங், ஷாங்காய்ல வேலையை விட்டுட்டு வர்ற இளைஞர்கள் அங்க வாடகைக்கு இடம் பிடிச்சு மண் பிசையறாங்க. அவங்களுக்கு 'ஜிங் நாடோடி'ங்கிற மாதிரி ஒரு பட்டப்பேரே இருக்கு. சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. விருத்தாசலத்தைப் பார்க்குறப்ப எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பொறாமையா, ஆசையான்னு தெரியல.

இப்ப வேலை எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன யூனிட்டுக்கு, ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுட்டுப் போனோம். தகரக் கூரை, ஏழெட்டுப் பேர் வேலை பார்க்குறாங்க, அதுல பாதிக்கு மேல பெண்கள்.

முதல்ல களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் ஒரு உருளையில போட்டு, கூழாங்கல்லோட சேர்த்து மணிக்கணக்கா உருட்டுவாங்க. பால் மில். மூணுக்கும் தனித்தனி வேலை. களிமண் வடிவத்துக்கு, குவார்ட்ஸ் எலும்பு மாதிரி நிக்கிறதுக்கு, ஃபெல்ட்ஸ்பார் சூளையில உருகிப் பசையா ஒட்டுறதுக்கு. கவனிச்சீங்கன்னா, மலையைக் கழட்டின பாகங்களை எடுத்து மறுபடி பூட்டுறாங்க.

பொம்மை, ஜாடி மாதிரி உள்ள காலியா இருக்கிற சாமானுக்கு அந்தக் கலவையைத் தண்ணியா கரைச்சு வச்சுக்குவாங்க, ஸ்லிப்னு பேர். இங்க ஒரு சின்ன மேஜிக் இருக்கு. வெறும் தண்ணியில களிமண்ணை ஊத்துற பதத்துக்குக் கொண்டுவர ரொம்பத் தண்ணி வேணும், அப்படி ஊத்தினா காயும்போது சுருங்கி வெடிச்சிடும். ஆனா துளியூண்டு சோடியம் சிலிகேட் விட்டா, கெட்டியா நின்ன சேறு கண்ணு முன்னாடி பால் மாதிரி ஆயிடுது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுட்டு இருந்த துகள்கள் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மின்னூட்டம் வந்து, ஒண்ணை ஒண்ணு தள்ள ஆரம்பிச்சிடும். அந்த அக்கா ஒரு கரண்டி விட்டுக் காட்டினாங்க. ட்ரெக்கிங் ஷூக்காரன் மூணு தடவை திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தான்.

அந்த ஸ்லிப்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்ச, உள்பக்கச் சுவர்ல களிமண் ஒரு தோல் மாதிரி படியும். எவ்வளவு நேரம் விடுறமோ அவ்வளவு கனம். அப்புறம் கவுத்து மிச்சத்தைக் கொட்டிடணும். கொஞ்ச நேரம் கழிச்சு அச்சைப் பிரிச்சா உள்ள பிள்ளையார் நிப்பார், தொட்டாப் பள்ளம் விழுற பதத்துல. விளிம்பைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால துடைச்சு, காய வச்சு, மேல கிளேஸ் கொடுத்து சூளைக்கு.

சூளைதான் இந்தத் தொழிலோட உயிர். சின்ன யூனிட்காரங்க தனியாப் பெரிய சூளை வச்சுக் கட்டுப்படியாகாது, அதனால பொதுச் சூளையில காசு கட்டிச் சுட்டு வாங்குற பழக்கமும் உண்டு. டனல் சூளைன்னா ஒரு நீளமான சுரங்கம் மாதிரி. நடுவுல நெருப்பு. சாமான் அடுக்கின டிராலிகள் ஒரு பக்கம் நுழைஞ்சு, மெதுவா ஊர்ந்து, மறுபக்கம் ஆறி வெளிய வரும். அணைச்சுட்டா மறுபடி சூடேத்த நாள் கணக்காகும், அதனால முடிஞ்சவரைக்கும் அணைக்கவே மாட்டாங்க.

500 டிகிரியைத் தாண்டும்போது களிமண்ணோட கட்டுமானத்துல இருந்த தண்ணி வெளியேறிடும். அதுக்கப்புறம் தண்ணியில போட்டாலும் அது மறுபடி களிமண் ஆகாது. 573 டிகிரியில குவார்ட்ஸ் திடீர்னு தன் அமைப்பை மாத்திக்கும், ஏறும்போது கொஞ்சம் விரியும், இறங்கும்போது சுருங்கும். ஆறுற சமயத்துல அந்த இடத்தை அவசரப்பட்டுத் தாண்டினா சாமான் டங்குன்னு விரிசல் விடும். 1,200 டிகிரி வாக்குல ஃபெல்ட்ஸ்பார் உருகி எல்லா இடைவெளியையும் அடைச்சிடும். வெளிய வர்றப்ப சாமான் பத்துல ஒரு பங்குக்கு மேல சுருங்கியிருக்கும், அதையும் கணக்குப் பண்ணித்தான் அச்சு செய்யணும். நம்ம வேலையில தப்பான கோடு போனா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இங்க 573ல தப்பு பண்ணா ஒரு டிராலி நிறைய ஓட்டுச் சில்லு.

இந்தத் தொழில் ஏன் சுருங்கிச்சுன்னு தெரிய, உங்க தாத்தா பாட்டி வீட்டு மெயின் போர்டை ஞாபகப்படுத்திப் பாருங்க. வெள்ளையாக் கட்டை மாதிரி, கையால பிடுங்கி, உள்ள கம்பி சுத்தி மாட்டுவோமே, ஃபியூஸ் கேரியர். கிட்கேட்னும் சொல்வாங்க. வீட்டுக்கு ரெண்டு மூணு, கடைக்குப் பத்து. விருத்தாசலத்துல எத்தனையோ குடும்பம் அந்த வெள்ளைக் கட்டையை அழுத்திச் சாப்பிட்டாங்க. அப்புறம் எம்.சி.பி. ஸ்விட்ச் வந்துச்சு. பாதுகாப்பானது, நல்லது, நானும் அதைத்தான் வச்சிருக்கேன். ஊறுகாய் ஜாடி இடத்துக்கு பிளாஸ்டிக் டப்பா வந்துச்சு. டைல்ஸ் பக்கம் போகலாம்னா, குழாய் வழியா கேஸ் வர்ற குஜராத் மோர்பியோட விலைக்கு இங்க யாராலும் நிக்க முடியாது. கப், தட்டுன்னா உத்தரப்பிரதேசத்துல குர்ஜா. மிச்சம் பொம்மை, அகல் விளக்கு, இன்சுலேட்டர், சின்னச் சின்ன சாமான். கார்த்திகைக்கும் கொலுவுக்கும் முன்னாடி மூச்சு விட நேரமில்லாம ஓடும், மத்த மாசம் அப்படியில்ல.

மூச்சுன்னு சொன்னதும் சித்தப்பா பத்திச் சொல்லியாகணும்.

அன்னிக்கு அவர் எங்களை யூனிட் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தார், உள்ள வரல. வேப்பமரத்தடியில பைக்குமேல உக்காந்துட்டார். ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டதுக்கு, "நீங்க பாத்துட்டு வாங்க தம்பி, எனக்குத் தெரியாததா"ன்னார். இருபது வருஷத்துக்கு மேல வேற ஒரு இடத்துல பால் மில்லுக்குப் பொடி அளந்து கொட்டுற வேலை பார்த்தவர். இப்ப மாடிப்படி பத்து ஏறினா நின்னு மூச்சு வாங்கணும்.

குவார்ட்ஸைப் பொடியா அரைச்சா வர்ற தூசியில கண்ணுக்குத் தெரியாத துகள் இருக்கும். மனுஷ முடி கிட்டத்தட்ட 70 மைக்ரான் கனம்னு வச்சுக்கங்க, இது நாலு அஞ்சு மைக்ரான். பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடிச்சிடும். இது நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போயிடும். அங்க இருக்கிற காவல் செல் அதை முழுங்கும், ஆனா செரிக்க முடியாது, செத்துப் போகும். துகள் வெளிய வரும், அடுத்த செல் முழுங்கும். அந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு விரியாது, அதனால மூச்சு நிறையாது. சிலிகோசிஸ். வேலையை விட்டப்புறமும் நோய் வளரலாம். திரும்ப சரிபண்ண மருந்து கிடையாது. காசநோய் வர்ற வாய்ப்பையும் ஏத்தி விட்டுடும். சித்தப்பாவுக்கு முதல்ல காசநோய்னுதான் ஆறு மாசம் மருந்து கொடுத்தாங்க. என்ன வேலை பார்த்தீங்கன்னு அப்புறமா ஒரு டாக்டர்தான் கேட்டார்.

சட்டம் இல்லாம இல்ல. ஃபேக்டரிஸ் சட்டத்துல டாக்டர் அரசுக்குத் தெரிவிச்சாகணும்னு இருந்த நோய்கள் பட்டியல்லயே சிலிகோசிஸ் இருந்துச்சு. 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயும், 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்துலயும் தொழில்வழி நோயா அங்கீகாரம் இருந்துச்சு. ஆனா இழப்பீடு கேட்கணும்னா அங்க வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வேணும். பீஸ் ரேட்ல, வாரக்கூலியில, பேர் எந்த ரெஜிஸ்டர்லயும் ஏறாம வேலை பார்த்தவர்கிட்ட என்ன ஆதாரம் இருக்கும்? எக்ஸ்ரே இருக்கு. ராஜஸ்தான்ல கல்குவாரித் தொழிலாளர் நிறைய பேர் செத்தப்புறம், 2019ல இதுக்குன்னே கொள்கை போட்டு, மருத்துவக் குழு சான்று கொடுத்தா அரசே உதவித்தொகை தர்ற மாதிரி செஞ்சாங்க.

தடுக்கிறது ராக்கெட் சயின்ஸும் இல்ல. பொடியைக் காய்ஞ்ச நிலையில அள்ளாம ஈரமா கையாளணும், தரையைத் துடைப்பத்தால பெருக்காம தண்ணி விட்டுத் துடைக்கணும், பொடி கொட்டுற இடத்துல உறிஞ்சுற ஃபேன் வைக்கணும், சரியான மாஸ்க் போடணும். நாங்க போன யூனிட்ல தரை ஈரமா இருந்துச்சு. நான் அதைத்தான் முதல்ல பார்த்தேன்.

ஃப்ரெண்ட் ஒருத்தன் வாசல்ல வந்து, "செம்ம ஃப்ரேம் ப்ரோ, வெளிச்சத்துல தூசி பறக்குது பாரு, ஸ்லோமோ எடுக்கவா"ன்னான். தப்பா நினைச்சு சொல்லல, அவனுக்குத் தெரியாது. சித்தப்பா கேட்டுச் சிரிச்சுட்டு, "எடுத்துக்கோ தம்பி, அழகாத்தான் இருக்கும்"ன்னார். அவன் எடுக்கல. ராத்திரி சாப்பிடும்போது அவன்தான் சித்தப்பாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தான்.

அந்த ஊர்க் கோயில்ல ஒரு கதை இருக்கு. திருப்பணி நடந்தப்ப விபசித்து முனிவர் வேலை செஞ்சவங்களுக்குக் கூலியா வன்னி மரத்து இலையைப் பறிச்சுக் கொடுப்பாராம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அவங்கவங்க உழைச்ச அளவுக்குப் பொற்காசா மாறியிருக்குமாம். வன்னி மரம் இப்பவும் கோயில்ல நிக்குது. சித்தி ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டிக் கதை சொல்வாங்க, சித்தப்பா ஒவ்வொரு தடவையும் "எனக்கு இலையாவே இருந்துடுச்சு"ன்னுவார்.

சரி, அட்வென்ச்சர் கேட்டீங்க. அது இல்லாம இல்ல.

முதல் நாள் காலையில மணிமுத்தாத்து மணல்ல நடந்தோம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடணும். மணல்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறது ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறதுக்குச் சமம், கெண்டைக்கால் சொல்லும். சுந்தரர் பொன்னை இந்த ஆத்துல போட்டுட்டு திருவாரூர்க் குளத்துல எடுத்தாருங்கிற கதை இந்த ஆறுதான். "ஆத்துல போட்டுக் குளத்துல தேடுற மாதிரி"ன்னு நம்ம வீட்டுல திட்டுவாங்களே, அந்த ஆறு. ஒரு எச்சரிக்கை: மணல் அள்ளின இடங்கள்ல தண்ணி தேங்கின குழி இருக்கும், ஆழம் வெளிய தெரியாது. ட்ரெக்கிங் குச்சி இங்கதான் உபயோகப்பட்டுச்சு, குத்திப் பார்த்துட்டே போனோம். வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஆத்துல இறங்கவே வேண்டாம், கல்வராயன்ல பெய்யுற மழை இங்க சொல்லிட்டு வராது.

சாயங்காலம் சைக்கிள்ல நெய்வேலிப் பக்கம். சுமார் 25 கிலோமீட்டர், சமதரை, லாரி நிறைய, பின்னாடி விளக்கு கட்டாயம். தன் நிலத்துல கிணறு தோண்டினப்ப கறுப்பா ஏதோ வருதுன்னு கவனிச்ச ஜம்புலிங்க முதலியாரோட பேரை அங்க இன்னும் சொல்றாங்க. 1956ல நிறுவனம் உருவாகி, 1957ல நேரு வந்து தொடங்கி வச்ச சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேல பல பத்து மீட்டருக்கு மண்ணு மூடியிருக்கு. அதை ராட்சசச் சக்கர இயந்திரத்தால வெட்டி எடுக்கணும். அப்படி வெட்டுறப்ப வர்ற வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்து செராமிக்குக்கு ஆதாரம். வெட்டின மத்த மண்ணைக் குவிச்சுக் குவிச்சு, மேல மரம் நட்டு, இப்ப அது தூரத்துல இருந்து பார்த்தா அசல் குன்று மாதிரியே இருக்கு. "ப்ரோ, மலை!"ன்னு கத்தினான் ஷூக்காரன். இந்த ஏரியாவுல கண்ணுக்குத் தெரியுற மலை மனுஷன் கொட்டினதுதான். சுரங்கத்துக்குள்ள அனுமதி இல்லாம விடமாட்டாங்க, முயற்சி பண்ணாதீங்க. இதுக்காக நிலம் கொடுத்த கிராமங்களோட கதை தனியா ஒரு எபிசோடுக்கு வரும். 2023 ஜூலையில வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல்லுமேல இயந்திரம் ஓடின வீடியோ பார்த்திருப்பீங்க, அது இங்க பக்கத்துலதான்.

ரெண்டாம் நாள் ரயில் ஏறி அரியலூர், ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்கிருந்து வண்டி பிடிச்சு பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. இந்த ட்ரிப்போட உச்சம் இதுதான். ஊரை விட்டு வெளிய வந்ததும் தரை திடீர்னு கிழிஞ்ச மாதிரி ஆயிடும். வெளுத்த, செம்பழுப்பு நிறக் களிமண் மேடுகள், நடுவுல மழை அறுத்த ஓடைகள். புல்லு கூட அங்கங்கதான். மலைத்தொடரை யாரோ சின்னதாக்கி வச்ச மாதிரி. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இதெல்லாம் கடலுக்கு அடியில இருந்த சேறு. வெயில்ல கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுறது ஜிப்சம். குனிஞ்சு பார்த்தா பெலெம்னைட், துப்பாக்கித் தோட்டா வடிவத்துல இருக்கும். கணவாயோட தூரத்துச் சொந்தக்காரனின் உள் ஓடு அது. பக்கத்துல சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு கல்லாப் போன மரம் படுத்திருக்கு. 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்ங்கிற புவியியல் அறிஞர் கண்டுபிடிச்சது.

விருத்தாசலத்துக்கும் இதுல பங்கு உண்டு. 1840கள்ல கே, கன்லிஃப்னு ரெண்டு பேர் தென்னிந்தியாவுல புதைபடிவம் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க. அதை ஆராய்ஞ்சு எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846ல வெளியிட்ட அறிக்கையில மூணு ஊர் வரும்: பாண்டிச்சேரி, திருச்சிராப்பள்ளி, வெர்டாசெல்லம். அந்த மூணாவது நம்ம ஊருதான், வெள்ளைக்காரன் வாயில.

காரையில ஏறி இறங்குறது ரொம்பக் கஷ்டம் இல்ல, ஆனா சரளைக் களிமண் வழுக்கும், நிழல் ஒரு கை அகலம் கூடக் கிடையாது. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. மழை பெஞ்ச மறுநாள் போனீங்கன்னா ஷூவுக்குக் கீழ ரெண்டு கிலோ சேறு ஒட்டும். புதைபடிவத்தைப் பாருங்க, போட்டோ எடுங்க, பையில போடாதீங்க. எடுத்த இடம் தெரியாத புதைபடிவம் வெறும் கல்லு, ஆராய்ச்சிக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்ல.

போறதுக்கு டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சரி. ஏப்ரல், மே நினைச்சே பார்க்காதீங்க. எழும்பூர்ல இருந்து தெற்கே போற எக்ஸ்பிரஸ் நிறைய விருத்தாசலத்துல நிக்கும். ராத்திரி ரயில்ல ஏறினா அலாரம் வைங்க, தூங்கிட்டா திருச்சி. செராமிக் யூனிட்டுக்குள்ள போகணும்னா முன்னாடியே கேளுங்க, வேலை நடக்கிற இடம் அது. வேலை செய்றவங்க முகத்தை அவங்க சரின்னு சொல்லாம எடுக்காதீங்க. மாஸ்க் போட்டுட்டுப் போங்க. ஒரு நாள் போற உங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா நீங்க போட்டா அங்க இருக்கிறவங்க "எங்களுக்கு ஏன் இல்ல"ன்னு கேட்பாங்க. அது நடக்கட்டும்னுதான் சொல்றேன். கிளேஸ் கொஞ்சம் தப்பின 'செகண்ட்ஸ்' சாமான் விலை குறைவா கிடைக்கும். நான் வாங்கின யானைக்கு ஒரு தந்தம் நீளம், ஒண்ணு குட்டை. இந்த ரெக்கார்டிங் டேபிள்ல மைக்குக்குப் பக்கத்துல நிக்குது.

கிளம்புற அன்னிக்கு ஊருக்குப் பக்கத்துல மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு சித்தி கூட்டிட்டுப் போனாங்க. அங்க பிராது கட்டுறதுன்னு ஒரு வழக்கம். உங்க குறையைப் பேப்பர்ல மனுவா எழுதி, சாமி முன்னாடி வச்சு, முனியப்பர் சந்நிதியில கட்டிடணும். விஷயம் முடிஞ்சதும் திரும்பி வந்து 'ராஜினாமா' பண்ணணும், அதாவது மனுவை வாபஸ் வாங்கணும். டிக்கெட் ஓபன் பண்ணி க்ளோஸ் பண்ற சிஸ்டம், நம்ம கம்பெனிகளுக்கு எல்லாம் முன்னாடியே ஓடிட்டு இருக்கு. நான் இதைச் சொன்னதும் பசங்க சிரிச்சாங்க. சித்தியும் சிரிச்சாங்க.

அப்புறம் கொத்துக் கொத்தாத் தொங்கிட்டு இருந்த சுருட்டின பேப்பர்களைக் கையால விலக்கி எதையோ தேடினாங்க. அவங்க கட்டின பிராது. சித்தப்பா வேலை பார்த்த இடத்துல அவர் பேரை எழுதின ஒரு காகிதமாவது கிடைக்கணும்னு எழுதியிருக்காங்களாம். ரெண்டு வருஷமாச்சு, மழையில மை ஊறியிருக்கும்னு சொன்னாங்க. புதுசா ஒண்ணு எழுதணும், நீ கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தர்றியான்னு கேட்டாங்க. கையெழுத்துதான் செல்லுமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்னேன். கோயில் வாசல்ல பேப்பர் விக்கிறவர், "எதுல எழுதினாலும் செல்லும் தம்பி, வருஷம் தேதி கரெக்டா போடுங்க"ன்னார். அதனால இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சித்தப்பாவும் நானும் போன்ல உக்காந்து எந்த வருஷம் எங்க வேலை பார்த்தார்னு வரிசையா எழுதிட்டு இருக்கோம். 1998 வரைக்கும் வந்திருக்கோம்.